மருந்துப் பையுடன் வானிலிருந்து இறங்கியவர்கள்



மாத்தளை மாவட்டத்துப் பாடசாலையொன்றில் உலகப் போர்களைப் பற்றிய பாடத்தை ஒரு நாள் முடித்தபோது, பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், போர் முடிந்த பிறகு அந்தப் படைவீரர்கள் என்ன ஆனார்கள்?" என்று கேட்டான். பாடநூல் அதற்கு விடை தருவதில்லை. உடன்படிக்கையில் கையொப்பம் இட்ட நாளோடு அத்தியாயம் முற்றுப்பெறுகின்றது. ஆனால் போரிட்டவர்கள் அதன் பின்னரும் ஐம்பது, அறுபது ஆண்டுகள் வாழ்கின்றார்கள். முதுமையிலே ஒருவரையொருவர் தேடிச் சென்று பழைய நாட்களைப் பேசுகின்றார்கள். வானிலிருந்து பாரசூட்டினாற் குதித்த படையினரிடையே இந்த வழக்கம் மிகுதி. அன்று அம்மாணவனுக்குச் சொல்லத் தொடங்கிய விடையையே இன்று உங்களிடம் விரித்துரைக்க விரும்புகின்றேன்.

2019-ஆம் ஆண்டு யூன் மாதம் 5-ஆம் நாள், பிரான்சு நாட்டின் நோர்மண்டிக் கரையில் சானர்வில் என்ற ஊருக்கு அருகே இரு முதியவர்கள் விமானத்திலிருந்து குதித்தார்கள். ஹரி ரீட் என்பவருக்கு வயது 95. ஜொக் ஹட்டன் என்பவருக்கு 94. இளம் வீரர் ஒருவரோடு ஒவ்வொருவரும் சேர்த்துப் பிணைக்கப்பட்டே இறங்கினர். 1944-ஆம் ஆண்டு அதே கரையில், இருள் சூழ்ந்த வேளையில், பகைவரின் துப்பாக்கிகளுக்கு நடுவே இறங்கிய இளைஞர்கள் இவர்களே. எழுபத்தைந்து ஆண்டுகளின் பின்னரும் உயிரைப் பொருட்படுத்தாது அவ்விடத்துக்கே அவர்களை இழுத்துவந்தது எது?

பாரசூட் படையின் பயிற்சி முறையை அறிந்தால் விடை ஓரளவு விளங்கும். வீரர்கள் விமானத்தினுள் வரிசையாக எழுந்து நின்று, பாரசூட்டை விரித்துவிடும் கயிற்றின் கொளுக்கியை மேலே செல்லும் கம்பியில் மாட்டுவார்கள். தன் முதுகிலுள்ள பொதி சரியாக இருக்கின்றதா என்பதை எவனும் தானே பார்த்துக்கொள்ள முடியாது. பின்னால் நிற்பவன் முன்னால் நிற்பவனுடைய பொதியையும் கயிற்றையும் சோதிப்பான். ஆகவே ஒவ்வொருவனுடைய உயிரும் தன் கையில் இராமல் மற்றொருவன் கையில் இருக்கின்றது. அவ்வாறு சில ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கு அந்த உறவு, இரத்த உறவுக்கு அடுத்ததாக நிலைத்துவிடுவதில் வியப்பில்லை. அவர்கள் கூடும்போது பேசுவது வெற்றி தோல்வியைவிட, தமக்கு முன்னும் பின்னும் நின்ற மனிதரைப் பற்றியதாகவே இருப்பதும் அதனாலேதான்.

இத்தகைய படையின் வரலாறு எங்கள் மலைநாட்டுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே பிரித்தானிய விமானப்படை எங்கள் மாவட்டத்துச் சிகிரியாவில் விமானத்தளம் ஒன்றை அமைத்தது. 1944-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம், மாத்தளையிலிருந்து ஏறத்தாழ 20 மைல் தொலைவிலுள்ள பேராதனைப் பூந்தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தத் தலைமையின் கீழ்ப் போரிட்ட படைகளுள் ஒன்று 50-ஆம் இந்தியப் பாரசூட் படையணி. தலைமையகம் பேராதனைக்கு வருவதற்கு முந்திய மாதம், மணிப்பூர் மலைகளில் உள்ள சங்ஷாக் என்னும் நாகர் சிற்றூரில் அப்படையணி யப்பானியரை எதிர்த்து நின்றது. வானிலே குதிக்கப் பழகியவர்கள் அங்கே காலாட்படையாகவே பொருதினார்கள். பாறைநிலமாதலால் ஆழமான பதுங்குகுழி வெட்ட முடியவில்லை, முள்வேலி இல்லை, குடிநீரும் அரிதாயிற்று. விமானங்கள் பாரசூட்டில் இறக்கிய உணவும் மருந்தும் பெரும்பாலும் பகைவர் பக்கத்திலே விழுந்தன. எனினும் மார்ச் 26-ஆம் நாள் இரவு வரை அவர்கள் தாக்குப்பிடித்தமையால், இம்பால், கொகிமா ஆகிய நகரங்களின் காவலைப் பலப்படுத்தக் காலம் கிடைத்தது.

அங்கே போரிட்ட பட்டாளங்களுள் 152-ஆம் இந்தியப் பாரசூட் பட்டாளமும் ஒன்று. 1941-ஆம் ஆண்டிலே அப்பட்டாளத்தின் மருத்துவ அதிகாரியாக இருந்த ஓர் இளம் வைத்தியரும், மதுரா சிங் என்னும் அவில்தாரும், பாரசூட்டினாற் குதித்த முதல் இந்திய வீரர்கள் என்ற பெயரைப் பெற்றனர். அந்த வைத்தியரின் பெயர் ஏ. ஜி. ரங்கராஜ். பெயரின் முதலெழுத்து ஆர்க்காட்டைக் குறிப்பது. தமிழ் மண்ணிலிருந்து சென்றவர் அவர். இந்தியருள் விமானத்திலிருந்து முதன்முதலாகக் குதித்த வீரர் இருவருள் ஒருவர் நோயாளருக்கு மருந்து கொடுப்பவராக இருந்தார் என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

இனிக் கொரியாவுக்கு வருவோம். கொரியா என்ற பெயரை எங்கள் மாவட்டத்து மூத்தவர்கள் அறிந்துகொண்டது செய்தித்தாளினால் மட்டுமன்று. றப்பர் விலையினாலும் ஆகும். 1950-ஆம் ஆண்டு யூன் 25-ஆம் நாள் அங்கே போர் மூண்டதும் உலகச் சந்தையில் றப்பர் விலை ஏறியது. தோட்டங்களிலும் கடைவீதிகளிலும் காசு புழங்கியது. பின்னர் விலை இறங்கியதும், 1952-ஆம் ஆண்டு சீனாவோடு றப்பரையும் அரிசியையும் பண்டமாற்றும் உடன்படிக்கை செய்யப்பட்டதும் நாம் அறிந்த வரலாறு. நமக்கு விலையாக வந்து சேர்ந்த அந்தப் போர், அந்நாட்டு மக்களுக்குச் சாவாகவும் பசியாகவும் வந்தது.

போரிடும் படையை அனுப்ப இந்தியா இசையவில்லை. அதற்குப் பதிலாக ஒரு மருத்துவப் படையை அனுப்பிற்று. அதுவே 60-ஆம் பாரசூட் கள அம்புலன்ஸ் படை. அம்புலன்ஸ் என்றதும் நோயாளரை ஏற்றிச்செல்லும் வண்டியையே நாம் நினைக்கின்றோம். இராணுவ வழக்கிலே அது வைத்தியர்களும் தாதியரும் சத்திரசிகிச்சைக் கருவிகளும் அடங்கிய முழுப் பிரிவொன்றின் பெயர். பகைவர் எல்லைக்கு அப்பால் வானிலிருந்து இறங்கும் படையில் ஒருவன் காயமுற்றால், தரைவழியே துணைப்படை வந்து சேரும்வரை அவனைப் பின்னே கொண்டுசெல்ல இயலாது. ஆதலால் வைத்தியசாலையே அவனோடு சேர்ந்து குதிக்க வேண்டும். அதற்கென்றே பயிற்றப்பட்ட 346 பேர், லெப்டினன்ட் கேணல் ரங்கராஜ் அவர்களின் தலைமையில், 1950-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் பூசான் துறைமுகத்தில் இறங்கினர்.

இரண்டு வாரங்களுக்குள் அவர்களுக்குப் பெருஞ்சோதனை வந்தது. அவர்கள் பியோங்யாங் நகரில் இருந்தபோது சீனப் படைகள் பெருந்திரளாக முன்னேறின, நேசப்படைகள் பின்வாங்கின. மருத்துவப் படைக்கு ஊர்திகள் இல்லை. கருவிகளைக் கைவிட்டு உயிர்தப்பிச் செல்வதே எளிதான வழி. ஆனால் சத்திரசிகிச்சைக் கருவியற்ற வைத்தியன் போர்க்களத்தில் என்ன செய்வான்? புகையிரத நிலையத்திலே பழைய நீராவி இயந்திரம் ஒன்றும் சில பெட்டிகளும் இருக்கக் கண்டனர். வரிசையாக நின்று வாளிகளைக் கைமாற்றி அதன் கொதிகலனை நிரப்பினர். இயந்திரம் ஓட்டத் தெரிந்தவர்களும் அவர்களிடையே இருந்தனர். காயமுற்றோரையும் கருவிகளையும் ஏற்றிக்கொண்டு அந்த வண்டி தைடொங் ஆற்றுப் பாலத்தைக் கடந்தது. கடந்த சிறிது நேரத்துள் பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அப்படையினர் வழிவழியாகச் சொல்லிவரும் கதைகளுள் இதுவே முதன்மையானது. இதில் ஒரு துப்பாக்கியேனும் வெடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நிகழ்ந்தது நீர் சுமந்தது மாத்திரமே. ஆனால் அந்த நீர் வாளிகள் பின்னர் எத்தனையோ உயிர்களைக் காத்தன.

அதன்பின் படை இரு பிரிவாகியது. ஒரு பிரிவு பொதுநலவாயப் படையணியோடு போர்முனையில் நின்றது. மேஜர் என். பி. பானர்ஜி அவர்களின் தலைமையிலிருந்த மற்றைய பிரிவு தேகு நகரில் கொரியப் படையினருக்கும், வீடிழந்து வந்த பொதுமக்களுக்கும் வைத்தியம் செய்தது. 1951-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள், அமெரிக்காவின் 187-ஆம் வான்படைப் பிரிவைச் சேர்ந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்சான் என்ற இடத்திலே பாரசூட்டில் இறங்கியபோது, அவர்களோடு 12 இந்தியரும் குதித்தனர். அவர்களுள் ரங்கராஜ் அவர்களும் ஒருவர். பத்தாண்டுகளுக்கு முன் பயிற்சிக் களத்தில் முதன்முதற் குதித்தவர், இப்போது போர்க்களத்தின் நடுவே சத்திரசிகிச்சைக் கருவிகளோடு இறங்கினார். இறங்கிய இடத்திலேயே காயமுற்றோருக்குச் சிகிச்சை தொடங்கியது.

1954-ஆம் ஆண்டின் தொடக்கம் வரை கொரியாவில் இருந்த அப்படை, ஏறத்தாழ 2,300 சத்திரசிகிச்சைகளைச் செய்ததாகக் கணக்கிடுவர். ரங்கராஜ், பானர்ஜி ஆகிய இருவருக்கும் இந்திய அரசு மகாவீர சக்கர விருதை வழங்கியது. ரங்கராஜ் அவர்களின் பணி அத்தோடு முடியவில்லை. பிற்காலத்திலே உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஆப்கானிஸ்தான மலைகளிலே வைசூரி ஒழிப்புப் பணிக்குத் தலைமை தாங்கினார். 1980-ஆம் ஆண்டு அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. என் மாணவன் கேட்டானே, "போர் முடிந்த பிறகு என்ன ஆனார்கள்?" என்று; ஒருவரைப் பற்றிய விடை இது.

இனி நினைவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கொரியக் குடியரசு தன் மண்ணிலே பணிபுரிந்த வெளிநாட்டு வீரர்களை 1975-ஆம் ஆண்டு முதல் விருந்தினராக அழைத்து வருகின்றது. இடிந்து கிடந்த நகரங்கள் எழுந்து நிற்பதைப் பழைய தோழர்கள் ஒருங்கே நின்று காணும் வாய்ப்பு அவ்வாறு கிடைத்தது. ரங்கராஜ் மறைந்த பின்னர், 2020-ஆம் ஆண்டு யூலை மாதத்துக்குரிய போர்வீரராக அந்நாடு அவரைச் சிறப்பித்தது. 2021-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் டில்லி இராணுவக் குடியிருப்பிலே இந்திய-கொரிய நட்புறவுப் பூங்கா திறக்கப்பட்டது. 60-ஆம் படையின் பணிகள் அங்குள்ள தூண்களிலே பொறிக்கப்பட்டுள்ளன.

நெதர்லாந்து நாட்டின் ஊஸ்டர்பேக் என்னும் ஊரிலோ இதனினும் உருக்கமான வழக்கம் ஒன்று உண்டு. 1944-ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஆர்ணெம் போரிலே பாரசூட் படையினர் பலர் மடிந்தனர். போர் தோல்வியில் முடிந்தது. ஊர்மக்கள் வீடுகளை விட்டு விரட்டப்பட்டார்கள். அவ்வருடக் குளிர்காலத்திலே நெதர்லாந்து மக்கள் பலர் பட்டினியாலும் மாண்டனர். எனினும் 1945 முதல் ஆண்டுதோறும் அவ்வூர்ப் பாடசாலைப் பிள்ளைகள் ஒவ்வொரு கல்லறையிலும் மலர் வைத்து வருகின்றனர். 1969-ஆம் ஆண்டிலே, இருபத்தைந்தாண்டு நிறைவோடு இவ்விழாவை முடித்துக்கொள்ளலாமெனப் படையினர் தரப்பிலிருந்தே ஆலோசனை வந்தது. ஊரார் அதற்கு இசையவில்லை. நினைவு படையினரிடமிருந்து ஊராரின் கைக்கு மாறிவிட்டது.

நேயர்களே, நம் நாட்டிலே இவ்விடயம் அத்துணை எளிதன்று. 2009-ஆம் ஆண்டு முடிவுற்ற நீண்ட போரின் பின், படையினரின் நினைவு என்றதும் எல்லோர் உள்ளமும் ஒரே வகையில் அசைவதில்லை. ஒரு வீட்டில் மாலையிட்ட படம் இருக்கின்றது; மற்றொரு வீட்டில் படம் வைக்கவும் அஞ்சிய காலம் இருந்தது. வானிலே விமானத்தின் ஒலி கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடிய பிள்ளைகள் இன்று பிள்ளைகளுக்குத் தாய் தந்தையராக இருக்கின்றனர். அவர்களிடம் சென்று, வானிலிருந்து குதித்தவர்களின் வீரத்தை மாத்திரம் பேசுவது நாகரிகமாகாது. ஆகையினாலேதான் மருந்துப் பையுடன் குதித்தவர்களை இன்று எடுத்துக்கொண்டேன். அவர்களுடைய நினைவைக் கேட்பதில் எந்த வீட்டாருக்கும் மனம் புண்படாது.

அப்படை இன்றும் பழங்கதையாகிவிடவில்லை. 2023-ஆம் ஆண்டு பெப்ரவரியில் துருக்கியைப் பூகம்பம் சிதைத்தபோது, இஸ்கெண்டருன் நகரிலே கூடாரமடித்து வைத்தியம் செய்தது அதே 60-ஆம் பாரசூட் கள வைத்தியப் பிரிவே. 2025-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நம் நாட்டைத் தாக்கி, எங்கள் மாத்தளை மலைகளும் சரிந்து உயிர்கள் மடிந்தபோது, இந்திய இராணுவத்தின் கள வைத்தியசாலை ஒன்று மகியங்கனையில் அமைந்து நம் மக்களுக்குச் சிகிச்சை அளித்தது. கொரியாவிலே வீடிழந்தவர்கள் கண்ட காட்சியை நாமும் நம் மலையடிவாரத்திலே கண்டோம்.

பழைய தோழர்கள் கூடிப் பேசும் பேச்சு அவர்களோடு முடிந்துவிட்டால் அது நட்பின் இன்பம் மாத்திரமே. அக்கூட்டத்தைச் சேராத ஒருவர் அருகிலிருந்து கேட்டு, பிழை திருத்தி, எழுதி வைத்தால் அது வரலாறாகின்றது. கொரியப் போரில் இருபது வயதிலே சென்றவர் இன்று இருப்பாராயின் அவருக்குத் தொண்ணூறு வயது கடந்திருக்கும். காலம் மிகக் குறுகியது.

உங்கள் ஊரிலும் போர்க்காலத்தில் காயமுற்றோரைத் தூக்கிய ஒருவர் இருக்கலாம். கப்பலிலோ முகாமிலோ பணிபுரிந்தவர் இருக்கலாம். இரவெல்லாம் விளக்கில்லாது பிரசவம் பார்த்த மருத்துவமாது இருக்கலாம். அவரிடம் ஒரு மாலை வேளையிலே ஒரு பிள்ளையை அனுப்புங்கள். வெற்றியைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். "உங்களுக்குப் பின்னால் நின்றவர் யார்? அவர் இப்போது எங்கே இருக்கிறார்?" என்று மாத்திரம் கேட்கட்டும்.