சலவை இயந்திரமும் வெந்நீரும்: ஒரு சிறு வரலாறு

சலவை இயந்திரத்தில் தண்ணீர் சூடாகவில்லையா? பழுது பார்க்க ஆளைக் கூப்பிடும் முன் ஒரு கேள்வி: உங்கள் இயந்திரத்தில் ஹீட்டர் இருக்கிறதா? எல்லா இயந்திரங்களிலும் அது இருப்பதில்லை. ஏன் என்பதற்கான விடை வரலாற்றில் இருக்கிறது.

அழுக்குப் போக வெப்பம் வேண்டும் என்பது பழைய அறிவு. நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண் கரைசலில் நனைத்த துணிகளை வெள்ளாவியில் வைத்து நீராவியில் வேக வைத்தார்கள். ஐரோப்பியப் பெண்கள் கொப்பரையில் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். விறகும் தண்ணீரும் சுமந்து, ஆவியில் நின்று செய்த கடும் உழைப்பு அது.

1907-ல் ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனம் பெர்சில் என்ற சலவைத்தூளை வெளியிட்டது. அதிலிருந்த பெர்போரேட் துணியை வெளுக்கும். ஆனால் நீர் நன்கு சூடாக இருந்தால்தான் அது முழுமையாக வேலை செய்யும். எனவே ஐரோப்பிய இயந்திரங்களுக்குள்ளேயே ஹீட்டர் இடம்பிடித்தது. 1951-ல் ஜெர்மனியில் வந்த கான்ஸ்ட்ரக்டா, முன்புறக் கதவு கொண்ட தானியங்கி இயந்திரங்களுக்கு அங்கு வழிகாட்டியது.

அமெரிக்காவில் கதை வேறு. 1937-ல் பெண்டிக்ஸ் தானியங்கி இயந்திரம் அங்கே அறிமுகமானது. அமெரிக்க இயந்திரங்கள் பெரும்பாலும் வீட்டு வெந்நீர்க் குழாயையே நம்பின. மின்சாரமும் ஒரு காரணம். 120 வோல்ட், 15 ஆம்பியர் இணைப்பில் அதிகபட்சம் 1800 வாட்தான் கிடைக்கும். 230 வோல்ட் உள்ள இடங்களில் 2000 வாட் ஹீட்டர் எளிதில் ஓடும்.

இந்த இரண்டு வழிகளும் இன்று நம் கடைகளில் அருகருகே நிற்கின்றன. முன்புறக் கதவு கொண்டவற்றில் பொதுவாக ஹீட்டர் உண்டு. மேலே திறப்பவை பலவற்றில் இல்லை.

ஹீட்டர் இருந்தும் சூடாகாவிட்டால், குளிர்நீர்ச் சலவையைத் தேர்வு செய்திருக்கிறோமா என்று முதலில் பாருங்கள். அதன் பிறகு மின்பணியாளரை அழையுங்கள். அவர் மின் இணைப்பைத் துண்டித்து, மல்டிமீட்டரால் ஹீட்டரை அளப்பார். 2000 வாட் ஹீட்டர் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். மின்தடை எல்லையற்றதாகக் காட்டினால் கம்பி அறுந்துவிட்டது. உப்புத் தண்ணீரில் படியும் சுண்ணாம்புப் படிவு இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஹீட்டர் சரியாக இருந்தால் வெப்ப உணரி, ரிலே, கம்பி இணைப்புகளைச் சோதிக்க வேண்டும்.

பழுது நீங்கும் வரை துணி துவைக்காமல் இருக்க வேண்டியதில்லை. இன்றைய சலவைத்தூள்களில் உள்ள நொதிகள் குறைந்த வெப்பத்திலேயே கறை நீக்குகின்றன. கொப்பரையும் வெள்ளாவியும் செய்த வேலையில் பெரும்பகுதியை இப்போது வேதியியல் செய்கிறது.