அல்லாள இளைய நாயக்கர் மரபு

பரமத்தியைத் தலைமையிடமாகக் கொண்டு, இன்றைய நாமக்கல் மாவட்டத்தின் காவிரிக் கரைப் பகுதியை ஆண்ட கொங்குப் பட்டக்காரர் (பகுதித் தலைவர்) மரபு. இதில் பெரிதும் அறியப்பட்டவர் அல்லாள இளைய நாயக்கர். 17-ஆம் நூற்றாண்டில், மதுரை நாயக்கர் ஆட்சிக்குட்பட்டு இவர் ஆண்டார். ஜேடர்பாளையத்தில் காவிரியின் குறுக்கே படுகை அணை கட்டி, ராஜா வாய்க்காலை வெட்டியவர் இவரே. தண்ணீரைத் தேக்கி வைப்பது இந்த அணையின் வேலையல்ல. ஆற்றின் மட்டத்தைச் சற்றே உயர்த்தி நீரை வாய்க்காலுக்குள் திருப்பிவிடும். மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி நீர் தானே பாயும். மேட்டூர் அணைக்கு (1934) ஏறத்தாழ 3 நூற்றாண்டுகள் மூத்த வேலை இது. ராஜா, குமாரபாளையம், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால்கள் இன்றும் ஓடுகின்றன. பரமத்திவேலூர் வெற்றிலைக் கொடிக்கால்களும் வாழை, கரும்பு வயல்களும் இவற்றை நம்பியே நிற்கின்றன.

இந்த மரபின் வம்சாவளி இன்னும் முழுமையாகத் தொகுக்கப்படவில்லை. இங்கிலாந்தில் பிரபுக் குடும்பங்களின் வம்சாவளியை 1826 முதல் பர்க் என்பவரின் தொகுப்பு நூல் தலைமுறை தலைமுறையாகப் பதிவுசெய்கிறது. கொங்குப் பட்டக்காரர்களுக்கு அப்படி ஒரே நூல் வாய்க்கவில்லை. கல்வெட்டு, செப்பேடு, வழிவழி வந்த செய்தி ஆகியவற்றிலிருந்தே வரலாற்றைக் கோக்க வேண்டியிருக்கிறது. இந்த மரபுக்கு முழுமையான வம்சாவளி தொகுக்கப்படுவது மிக அவசியம்.

17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரமத்திப் பகுதி மைசூர் உடையார்கள் கைக்குப் போனது. 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி கிழக்கிந்தியக் கம்பெனி வசமாயிற்று.