புள்ளியியலாளர் புளோரன்ஸ் நைட்டிங்கேலும் இந்தியாவும்

முன்னுரை

புகழ்பெற்றோரைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே தோற்றத்தில் நிலைநிறுத்திவிடுகின்றன. புளோரன்ஸ் நைட்டிங்கேல் (1820–1910) என்றதும், விளக்கேந்தி நோயாளிகளிடையே நடந்துசெல்லும் செவிலியரின் உருவமே மாணவர் மனத்தில் எழுகிறது. அத்தோற்றம் பொய்யன்று, எனினும் முழுமையானதும் அன்று. கிரிமியப் போர்க்களப் பணியில் அவர் ஈடுபட்டிருந்த காலம் இரண்டாண்டுக்கும் குறைவே. புள்ளிவிவரங்களைக் கொண்டு அவர் ஆற்றிய பணியோ பல பத்தாண்டுகள் நீடித்தது. அதில் கணிசமான பகுதி இந்தியாவைப் பற்றியதாகும். இத்தொடர்பை இக்கட்டுரை சுருக்கமாக ஆராய்கிறது.

போர் தந்த பாடம்

1854 நவம்பரில் 38 செவிலியருடன் அவர் ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனையை அடைந்தார். அவர் வந்த பின்னரும் இறப்புகள் பெருகின. 1855 பிப்ரவரியில் இறப்பு விகிதம் ஏறத்தாழ 42 விழுக்காட்டை எட்டியது. மார்ச்சில் வந்த சுகாதார ஆணையம் கழிவுநீர்க் கால்வாய்களைத் துப்புரவாக்கிக் காற்றோட்டத்திற்கு வழி செய்த பின்னரே அது வெகுவாகக் குறைந்தது. இதன் முழுப்பொருளை, நாடு திரும்பியபின் வில்லியம் ஃபார் என்னும் புள்ளியியலாளரோடு இணைந்து கணக்குகளை ஆராய்ந்தபோதே அவர் உணர்ந்தார் என்பர் வரலாற்றாசிரியர் சிலர்.

அவ்வுண்மையை ஆட்சியாளர் கண்முன் நிறுத்த 1858இல் அவர் வெளியிட்ட வரைபடம் புகழ்பெற்றது. பன்னிரு மாதங்களும் வட்டத்தின் பன்னிரு கூறுகளாயின. ஒவ்வொரு நிறப்பகுதியின் பரப்பும் இறப்பின் அளவைக் குறித்தது. தடுக்கக்கூடிய நோய்களால் நேர்ந்த இறப்பு நீலம். போர்க்காயங்களால் நேர்ந்தவை சிவப்பு. பிற காரணங்கள் கறுப்பு. நீலமே பேரளவில் விரிந்திருந்தது. அவ்வாண்டிலேயே இலண்டன் புள்ளியியல் கழகம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராக ஏற்றது.

காணாத நாட்டின் கணக்கு

1859இல் இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையின் சுகாதார நிலையை ஆராய அரச ஆணையம் அமைக்கப்பட்டது. நைட்டிங்கேல் அதன் உறுப்பினர் அல்லர்; இந்தியாவிற்கு ஒருமுறையும் சென்றவரும் அல்லர். ஆயினும் இந்தியப் படை முகாம்களுக்கு வினாப்படிவங்கள் அனுப்பப்படவும், வந்த விடைகள் தொகுத்தாராயப்படவும் அவரே முதன்மைக் காரணமானார். குடிநீர் எங்கிருந்து எடுக்கப்படுகிறது, கழிவு எவ்வாறு அகற்றப்படுகிறது என்பன போன்ற எளிய வினாக்கள் பேருண்மைகளை வெளிக்கொணர்ந்தன. ஆண்டுதோறும் ஆயிரம் வீரருக்கு 69 பேர் மாண்டுவந்ததை 1863ஆம் ஆண்டு அறிக்கை காட்டியது. 1873இல் அவ்விகிதம் 18ஆகக் குறைந்திருந்ததை அவரே எடுத்துரைத்தார். இவ்வீழ்ச்சி முழுவதையும் ஒருவரின் சாதனையாகக் கொள்ள இயலாது. எனினும் சீர்திருத்தத்திற்கு வேண்டிய சான்றுகளைத் திரட்டியதில் அவர் பங்கு மறுக்கவியலாதது.

படைவீரரிலிருந்து உழவருக்கு

முகாமைச் சுற்றியுள்ள ஊர் நோயுற்றிருக்க முகாம் மட்டும் நலமாக இருத்தல் அரிது. இவ்வுணர்வு அவர் கவனத்தைச் சிற்றூர் மக்கள்பால் திருப்பியது. சென்னை மாகாணத்தைச் சூறையாடிய 1876–78 பஞ்சம் அதனை மேலும் ஆழமாக்கியது. 1830களில் கொள்ளிடத்தில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டனோடு அவர் கடிதத் தொடர்பு கொண்டு, பாசனத் திட்டங்களை ஆதரித்தார். 1878இல் 'இந்திய மக்கள்' என்னும் பொருளில் அவர் எழுதிய கட்டுரை பஞ்சத்தையும் உழவரின் கடன்சுமையையும் பிரித்தானிய வாசகரிடம் கொண்டுசென்றது.

ஆயினும் இங்கே ஓர் இடர் இருந்தது. படைவீரர் ஒவ்வொருவரின் இறப்பும் பதிவேட்டில் ஏறியது. ஏனெனில் அவர் அரசின் செலவில் வந்தவர். பஞ்சத்தில் மடிந்த உழவர்க்கு அத்தகைய பதிவு வாய்க்கவில்லை. எண்ணை நம்பி வாதிட்டவர்க்கு, எண்ணப்படாத மக்களுக்காக வாதிடுவது கடினமாயிற்று.

முடிவுரை

நைட்டிங்கேலின் இந்தியப் பணி பேரரசின் எல்லைக்குள்ளேயே நிகழ்ந்தது என்பதை மறத்தலாகாது. எனினும் இரக்கம் மட்டும் போதாது, சான்றும் வேண்டும் என்பதை அது தெளிவுறுத்துகிறது. விளக்கேந்திய உருவத்தோடு அந்த நீல வரைபடத்தையும் ஆசிரியர்கள் வகுப்பறையில் காட்டலாம். அப்போது மாணவர், எவர் இறப்பு கணக்கிடப்பட்டது, எவர் இறப்பு கணக்கில் வரவில்லை என்று வினவத் தொடங்குவர். வரலாற்றுக் கல்விக்கு அவ்வினா இன்றியமையாதது.