பிக்கப்பா.. டாப் ஸ்பீடா? ஸ்போர்ட் குவாட் வண்டிக்கு சரியான ஸ்பிராக்கெட்டை தேர்ந்தெடுப்பது எப்படி?

மணல் மேட்டில் பாதி தூரம் ஏறியதுமே வண்டி திணறுகிறது. அல்லது நேர் பாதையில் கடைசி கியரும் போட்டாச்சு, இன்ஜின் கத்துகிறதே தவிர வேகம் கூடவில்லை. ஸ்போர்ட் குவாட் ஓட்டுபவர்கள் அடிக்கடி சொல்லும் இந்த இரண்டு புகார்களுக்கும் இன்ஜினைப் பிரிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது. செயின் மாட்டியிருக்கும் ஸ்பிராக்கெட்டின் பல் எண்ணிக்கையை மாற்றினாலே போதும்.

ஆனால் கணக்கு தெரியாமல் மாற்றினால் காசும் போகும், வண்டியும் முன்பைவிட மோசமாகும். அந்தக் கணக்கு என்ன? பார்க்கலாம்.

ஸ்பிராக்கெட் என்ன வேலை செய்கிறது?

இன்ஜின் பக்கம் இருப்பது முன் ஸ்பிராக்கெட். பின் ஆக்சிலில் இருப்பது பின் ஸ்பிராக்கெட். பின்பக்க பல் எண்ணிக்கையை முன்பக்க பல் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதுதான் ரேஷியோ.

யமஹா ஒய்எஃப்இசட் 450ஆர், ராப்டர் 700ஆர் ஆகிய இரண்டும் முன்னால் 14, பின்னால் 38 பற்களுடன் வருகின்றன. 38-ஐ 14-ஆல் வகுத்தால் 2.71. அதாவது முன் ஸ்பிராக்கெட் 2.71 சுற்று சுற்றினால்தான் பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்.

இந்த எண் கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும். எண் குறைந்தால் வேகத்துக்கு இடம் கிடைக்கும், இழுவை குறையும். ஸ்பிராக்கெட் மாற்றுவதால் இன்ஜினின் சக்தி துளியும் கூடாது. ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும்.

முன்னால் ஒன்று.. பின்னால் மூன்று!

14/38 வண்டியில் முன்னால் ஒரு பல் குறைத்து 13/38 ஆக்கினால் ரேஷியோ 2.92 ஆகிறது. முன் ஸ்பிராக்கெட்டைத் தொடாமல் பின்னால் மூன்று பல் கூட்டி 14/41 ஆக்கினாலும் ஏறக்குறைய அதே 2.93 தான். அதாவது முன்னால் ஒரு பல் என்பது பின்னால் மூன்று பல்லுக்குச் சமம்.

உதாரணத்துக்கு, 14/38-ல் கடைசி கியரில் முழு ஆர்பிஎம்மில் 120 கி.மீ. வேகம் போகும் வண்டியை எடுத்துக்கொள்வோம்.

• 13/38: இழுவை சுமார் 8 சதவீதம் கூடும். டாப் ஸ்பீட் 111 கி.மீ. ஆகக் குறையும்.

• 14/40: இழுவை 5 சதவீதம் கூடும். டாப் ஸ்பீட் 114 கி.மீ.

• 15/38: இழுவை சுமார் 7 சதவீதம் குறையும். கணக்குப்படி டாப் ஸ்பீட் 129 கி.மீ.

இதில் கடைசிக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடைசி கியரில் இன்ஜின் ஏற்கெனவே முழு ஆர்பிஎம்மைத் தொடாத வண்டிக்கு 15 பல் போட்டால் வேகம் கூடாது. காற்றின் எதிர்ப்பைத் தள்ள பலம் பத்தாமல் வேகம் குறையவும் செய்யலாம். இன்ஜின் லிமிட்டரைத் தொட்டு, அதன் பிறகும் பாதை மிச்சம் இருக்கிறது என்றால் மட்டுமே 15 பல்லுக்கு அர்த்தம் உண்டு.

டயரை மறந்தால் கணக்கு தப்பும்

இந்த இரண்டு வண்டிகளிலும் பின் டயரின் உயரம் 20 அங்குலம். டயரும் கியரிங்கில் ஒரு பங்குதான். டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கு வண்டி போகும் தூரம் கூடும். அப்போது இழுவை தானாகவே குறையும்.

22 அங்குல டயர் போட்டால் 14/38 வண்டி கிட்டத்தட்ட 14/35 போட்ட வண்டி மாதிரி நடந்துகொள்ளும். பழைய இழுவை திரும்ப வேண்டும் என்றால் பின்னால் 42 பல் தேவை. மோட்டோகிராஸ் ஓட்டுபவர்கள் விரும்பும் 18 அங்குல டயருக்கு மாறினால் நேர் எதிர்: ஸ்பிராக்கெட்டைத் தொடாமலே 14/42 போட்டது போல ஆகிவிடும். டயரையும் சின்னதாக்கி, முன்னால் பல்லையும் குறைத்தால் முதல் கியர் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துபோகும்.

எனவே முதலில் டயரை முடிவு செய்யுங்கள். ஸ்பிராக்கெட் அதற்குப் பிறகு.

எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

ஷார்ஜாவின் பதாயர் பகுதியில் உள்ள 'பிக் ரெட்' மணல் மேடு, துபாய் போகும் தமிழர்களில் பலருக்கும் குவாட் சவாரியால் பழக்கமான இடம். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் கிளாமிஸ் மணல் மேடுகளும் இப்படித்தான். இங்கே மணல் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். ஏற்றத்தின் நடுவே கியரைக் கூட்டியதும் இன்ஜின் படுத்துவிட்டால், முன்னால் 13 போட்டுப் பார்ப்பது நல்ல ஆரம்பம்.

அதே வகை வண்டி ராலிக்குப் போனால் தேவை வேறு. 2022, 2023 டக்கார் ராலிகளில் குவாட் பிரிவில் வென்ற பிரான்ஸ் வீரர் அலெக்சாண்டர் ஜிரூ ஓட்டியது யமஹா ராப்டர் 700 தான். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் போட்டியில், இழுவைக்காக இன்ஜினை எந்நேரமும் கத்தவிட முடியாது.

மோட்டோகிராஸ் டிராக்கில் கவனிக்க வேண்டியது டாப் ஸ்பீட் அல்ல, வளைவிலிருந்து வெளியே வரும் இடம். இரண்டாவது கியரில் இன்ஜின் கத்துகிறது, மூன்றாவது போட்டால் படுத்துவிடுகிறது என்றால் பின்னால் ஒன்று அல்லது இரண்டு பல் கூட்டிப் பாருங்கள். மூன்றாவது கியரிலேயே வளைவை முடிக்க முடிந்தால் அதுதான் அந்த டிராக்குக்கான அளவு.

மரங்களுக்கு நடுவே ஓடும் குறுகிய பாதைகளிலும் இழுவைதான் முக்கியம். குறைந்த வேகத்தில் அடிக்கடி கிளட்ச் பிடிக்க வேண்டியிருந்தால், கியரிங் அந்த இடத்துக்கு வேகமாக இருக்கிறது என்று அர்த்தம்.

முன்னால் குறைப்பதா, பின்னால் கூட்டுவதா?

ரேஷியோ ஒன்றாக வந்தாலும் இரண்டும் ஒன்றல்ல.

முன் ஸ்பிராக்கெட் விலை குறைவு, மாற்றுவதும் சுலபம். ஆனால் அது சின்னதாக ஆக, செயின் கூடுதலாக மடங்கி ஓடும். செயினும் பல்லும் சீக்கிரம் தேயும். ஸ்விங்ஆர்ம் மீது இருக்கும் பிளாஸ்டிக் கார்டையும் செயின் உரசும்.

பின் ஸ்பிராக்கெட்டைப் பெரிதாக்கினால் செயினுக்கு நல்லது. ஆனால் குவாட் வண்டியில் அது இரு சக்கரங்களுக்கும் நடுவே, தரைக்கு அருகில் தொங்குகிறது. ஒவ்வொரு பல்லும் அதைச் சுமார் 2.5 மி.மீ. கீழே இறக்கும். 38-லிருந்து 42 போனால் 10 மி.மீ. இடைவெளி போச்சு. பாறையும் மரக்கட்டையும் உள்ள பாதையில் அந்த ஒரு சென்டிமீட்டர் செயினையே காவு வாங்கலாம்.

மணலிலும் சமதளத்திலும் ஓட்டுபவர்கள் பின்னால் கூட்டலாம். கல் பாதைக்காரர்கள் முன்னால் குறைப்பதே பாதுகாப்பு.

மாற்றும்போது இதையெல்லாம் கவனியுங்க

• இரண்டு வண்டிகளிலும் இருப்பது 520 அளவு செயின். வேறு அளவு ஸ்பிராக்கெட் பொருந்தாது.

• ஒரு பல் மாறினால் ஆக்சில் சுமார் 4 மி.மீ. நகர வேண்டும். 13/38 என்றால் பின்னால் தள்ள வேண்டும், பெரும்பாலும் பழைய செயினே போதும். 14/41 என்றால் முன்னால் 12 மி.மீ. வர வேண்டும். அட்ஜஸ்டரில் அவ்வளவு இடம் இல்லாவிட்டால் நீளமான செயின்தான் வழி.

• பின் ஸ்பிராக்கெட்டின் பின்பக்கத்தில் செயினைப் பிடித்து இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செயின் தேய்ந்துவிட்டது. தேய்ந்த செயினில் புது ஸ்பிராக்கெட் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும். மூன்றையும் செட்டாக மாற்றுவதே நல்லது.

• அலுமினிய ஸ்பிராக்கெட் எடை குறைவு, ஆனால் மணலில் வேகமாகத் தேயும். நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்றால் ஸ்டீல்.

• செயின் லாக்கில் கிளிப் இருந்தால், அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் கிளிப் கழன்று, ஓடும்போதே செயின் அறுந்த கதையாகிவிடும்.

• இன்ஜின் ஓடும்போது செயினைத் துடைப்பதோ எண்ணெய் விடுவதோ கூடவே கூடாது. ஸ்பிராக்கெட்டுக்கும் செயினுக்கும் நடுவே விரல் சிக்கினால் துண்டாகிவிடும். இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் செய்ய வேண்டும்.

• இழுவை கூட்டிய வண்டியில் முன் சக்கரங்கள் முன்பைவிட சுலபமாகத் தூக்கும். ஏற்றத்தில் இது வண்டியையே பின்னால் கவிழ்த்துவிடலாம். முதல் நாள் சமதளத்தில் ஓட்டிப் பழகுங்கள்.

எல்லா குவாடுக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் போன்ற வண்டிகள் பெல்ட்டில் ஓடும் சிவிடி கியர் வகை. அவற்றில் சக்கரத்துக்கு சக்தி போவது ஷாஃப்ட் வழியாக. செயினே இல்லாததால் ஸ்பிராக்கெட் கணக்கும் இல்லை. அதேசமயம், செயினில் ஓடும் எந்த பைக்குக்கும் மேலே சொன்ன வகுத்தல் கணக்கு அப்படியே பொருந்தும்.

முடிவெடுப்பது எப்படி?

வாங்கும் முன் பற்களை எண்ணிப் பாருங்கள். பழைய வண்டி என்றால் முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே மாற்றியிருக்கலாம். பல ஸ்பிராக்கெட்டுகளில் எண்ணிக்கை பொறித்தே இருக்கும்.

பிறகு வழக்கமான பாதையில் ஒரு நாள் ஓட்டி, எந்த இடத்தில் எந்த கியரில் திணறுகிறது, எங்கே லிமிட்டரைத் தொடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டயர் காற்றழுத்தத்தை மாற்றாமல், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்து, அதே பாதையில் திரும்ப ஓட்டுங்கள். வேகத்தைப் பார்க்க மொபைலில் உள்ள ஜிபிஎஸ் போதும், ஆனால் ஓட்டும்போது திரையைப் பார்க்காமல் நின்ற பிறகு பதிவைப் பாருங்கள்.

முன் ஸ்பிராக்கெட்டில் 13, 14 என இரண்டையும் கையில் வைத்திருந்தால், மணலுக்கு ஒன்று, வேகப் பாதைக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் செயின் தொய்வு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு கிளம்புங்கள்.