ஏரி வற்றினால் மீனுக்கு என்ன ஆகும்? பனாமாவின் காத்தூன் ஏரியும் பீக்காக் பாஸும்

லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் தூண்டில் போடுபவர்களுக்குப் பீக்காக் பாஸ் மீனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பொன்னிற உடம்பு, குறுக்கே மூன்று கறுப்புப் பட்டைகள், வால் அருகே மயில்தோகையில் இருப்பதுபோல் ஒரு கண். மலேசியாவில் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளிலும் இது உண்டு. அங்கே "இக்கான் ராஜா" என்பார்கள். இழுத்தால் சண்டை போடும். அதனால்தான் அதற்கு இவ்வளவு ரசிகர்கள்.

அந்த மீனுக்காகவே வெளிநாட்டவர் விமானம் ஏறிப் போகும் ஏரி ஒன்று இருக்கிறது. பனாமாவின் காத்தூன் ஏரி. ஆனால் அந்த ஏரி மீனுக்காக வெட்டப்படவில்லை. அது கப்பலுக்காக உருவானது. கப்பலுக்கு எவ்வளவு தண்ணீர், குடிநீருக்கு எவ்வளவு, ஏரியில் மிச்சம் எவ்வளவு என்ற கணக்கில்தான் மீனின் கதையும் அடங்கியிருக்கிறது.

ஏரி எப்படி வந்தது?

பனாமாக் கால்வாய் என்றதும் இரண்டு கடல்களை இணைக்கும் நேரான வாய்க்கால் ஒன்று மனத்தில் தோன்றலாம். உண்மையில் அது ஒரு நீர்ப்படிக்கட்டு. சாக்ரஸ் ஆற்றின் குறுக்கே அணை கட்டி, பள்ளத்தாக்கை மூழ்கடித்து, கடல்மட்டத்தைவிட சுமார் 26 மீட்டர் உயரத்தில் ஓர் ஏரியை உருவாக்கினார்கள். அதுதான் காத்தூன். பரப்பு சுமார் 425 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரின் நிலப்பரப்பில் பாதிக்கும் மேல்! அந்தக் காலத்தில் மனிதர் உருவாக்கிய ஏரிகளில் அதுவே ஆகப் பெரியது. கால்வாய் 1914 ஆகஸ்ட் 15ஆம் தேதி திறக்கப்பட்டது.

ஒரு பக்கத்துக் கடலிலிருந்து வரும் கப்பல், கதவு போட்ட பெரிய தொட்டிகளுக்குள் நுழையும். தொட்டியில் ஏரித் தண்ணீர் நிரம்ப நிரம்பக் கப்பல் மேலே எழும்பும். ஏரியைக் கடந்து, அடுத்த பக்கத்தில் அதேபோல் இறங்கும். ஒவ்வொரு முறையும் ஏரித் தண்ணீர் கடலுக்குப் போய்விடுகிறது. பழைய தொட்டிகள் வழியாக ஒரு கப்பல் முழுவதுமாகக் கடக்க ஏறத்தாழ 200 மில்லியன் லிட்டர் நன்னீர் செலவாகும். ஒலிம்பிக் நீச்சல்குளங்களாகச் சொன்னால் சுமார் 80 குளங்கள். ஒரு கப்பலுக்கு மட்டும்!

இதே ஏரியும், மேலே சாக்ரஸ் ஆற்றில் உள்ள அலஹுவேலா ஏரியும்தான் பனாமா மக்களில் சுமார் பாதிப் பேருக்குக் குடிநீர் தருகின்றன.

சரி, மீன் எங்கிருந்து வந்தது?

பீக்காக் பாஸ் பெயரில்தான் "பாஸ்". உறவுமுறை பார்த்தால் அது திலாப்பியாவின் சொந்தக்காரன். பிறப்பிடம் தென்னமெரிக்கா, அமேசான் வட்டாரம். பனாமாவில் ஒரு குளத்தில் வளர்க்கப்பட்ட மீன்கள் தப்பி, சாக்ரஸ் ஆறு வழியாக 1967 வாக்கில் காத்தூனுக்கு வந்து சேர்ந்தன. பனாமாக்காரர்கள் இந்த மீனை "சார்ஹெந்தோ" என்று அழைக்கிறார்கள். அதாவது சார்ஜெண்ட். உடம்பிலுள்ள பட்டைகள் ராணுவச் சட்டைப் பட்டை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர்.

சார்ஜெண்ட் வந்தார், ஏரியைக் கைப்பற்றினார். தாமஸ் சாரெட், ராபர்ட் பெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1973இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரை இன்றுவரை உயிரியல் வகுப்புகளில் பேசப்படுகிறது. புதிய மீன் பரவிய இடங்களில், முன்பு சாதாரணமாகத் தென்பட்ட 8 வகை உள்ளூர் மீன்களில் 6 வகை காணாமல் போயிருந்தன. சிறுமீன்கள் குறைந்ததால் அவற்றைத் தின்று வாழ்ந்த பறவைகளும் குறைந்தன. கொசுப் புழுக்களைத் தின்னும் மீன்களும் அழிந்தவற்றில் அடங்கும். அதனால் மலேரியா கூடலாம் என்ற கவலையையும் அவர்கள் எழுப்பினார்கள்.

நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்று நினைக்கலாம். 45 ஆண்டு கழித்து வேறோர் ஆய்வுக் குழு அதே ஏரியில் மீண்டும் கணக்கெடுத்தது. முடிவு 2017இல் வெளியானது. போன மீன்கள் திரும்பவில்லை.

இதில் ஒரு சங்கடம் இருக்கு. இயற்கை ஆர்வலருக்கு அது படையெடுத்து வந்த மீன். கரையோரக் குடும்பங்களுக்கோ அது சாப்பாடு, வருமானம். படகோட்டிகளும் வழிகாட்டிகளும் அதை நம்பித்தான் பிழைக்கிறார்கள். அரை நூற்றாண்டாக இருக்கும் மீனை அந்நியன் என்று எவ்வளவு காலம் சொல்வது? அங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரிந்த ஏரி மீனே அதுதான்.

தண்ணீர் ஏறினால், இறங்கினால் தூண்டில்காரருக்கு என்ன?

பனாமாவில் மழைக்காலம் ஏறத்தாழ மே முதல் டிசம்பர் வரை. அதன் முடிவில் ஏரி நிரம்பியிருக்கும். பிறகு வறண்ட மாதங்களில் மெல்ல இறங்கும். வழக்கமான ஆண்டில் இந்த ஏற்ற இறக்கம் மீனுக்கும் பழக்கம், மீன் பிடிப்பவருக்கும் பழக்கம்.

தண்ணீர் ஏறும்போது கரையோரப் புல்லும் புதரும் மூழ்கும். சிறுமீன்கள் அதற்குள் போய் ஒளியும். பெரிய மீனும் பின்னாலேயே போகும். அப்போது ஏரி பெரிசு, மீன் சிதறி இருக்கும், தேடித்தான் பிடிக்கணும். தண்ணீர் இறங்கும்போது ஒளிய இடம் இல்லாமல் சிறுமீன்கள் வெளியே வரும். பீக்காக் பாஸ் அவற்றுக்காக ஆழம் மாறும் விளிம்புகளில் காத்திருக்கும். இது பகலில், கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன். தண்ணீர் தெளிவாக இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். வெள்ளம் வந்து ஏரி கலங்கினால் பசியோடு இருந்தாலும் இரை அதன் கண்ணில் படாது.

காத்தூனுக்கே உரிய ஓர் அடையாளம், மூழ்கிய காடு. ஏரி நிரம்பியபோது மரங்கள் வெட்டப்படாமல் அப்படியே நின்றன. நூறாண்டு கடந்தும் அவற்றின் அடிமரங்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன. சிறுமீனுக்கு அது வீடு, பெரிய மீனுக்கு அது மறைவிடம். தூண்டில்காரர்கள் அந்த மரங்களைச் சுற்றித்தான் போடுவார்கள். நீர்மட்டம் குறைந்தால் மொட்டை மரங்கள் வெளியே தலைகாட்டும். மீன் இருக்கும் இடம் தெரிந்துவிடும். ஆனால் நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே மறைந்திருக்கும் மரம் படகின் அடிப்பாகத்தைக் கிழிக்கும், இயந்திரத்தை உடைக்கும். எந்த மட்டத்தில் எந்த மரம் எங்கே இருக்கும் என்பது உள்ளூர்ப் படகோட்டியின் தலைக்குள் இருக்கும் வரைபடம்.

முட்டையிடும் சமயத்தில் இறக்கம் வந்தால் நிலைமை வேறு. பீக்காக் பாஸ் ஆழமில்லாத இடத்தில், மரம், கல் போன்ற கெட்டியான பரப்பைச் சுத்தம் செய்து முட்டையிடும். தாயும் தந்தையும் காவல் இருக்கும். எந்த மீன் வந்தாலும் விரட்டும். ஆனால் தண்ணீர் இறங்குவதை எப்படி விரட்டுவது? மட்டம் வேகமாகக் குறைந்தால் முட்டை வெயிலில் காய்ந்துவிடும்.

2023இல் என்ன நடந்தது?

எல் நினோ வந்தது. மழை பொய்த்தது. 2023 அக்டோபரில் காத்தூன் வட்டாரத்தில் பெய்த மழை வழக்கத்தைவிட 41 விழுக்காடு குறைவு. 1950இலிருந்து உள்ள பதிவுகளில் அவ்வளவு வறண்ட அக்டோபர் இல்லை. 2024 ஜனவரியில் நீர்மட்டம் முந்தைய ஆண்டைவிட கிட்டத்தட்ட 1.8 மீட்டர் கீழே இருந்தது. வறட்சிக் காலத்தில் ஏரியில் மூழ்கியிருந்த மரங்கள் கூட்டம் கூட்டமாக வெளியே தெரிந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கால்வாய் ஆணையம் கப்பல்களைக் குறைத்தது. வழக்கமாக நாளுக்கு 36 முதல் 38 கப்பல் போகும். அது 22 வரை இறங்கியது. பெரிய கப்பல்கள் சுமையைக் குறைத்து மிதப்பை உயர்த்தவேண்டியிருந்தது. தண்ணீருக்குள் 50 அடிவரை இறங்கலாம் என்ற வரம்பு 44 அடியானது. வரிசையில் நின்ற சரக்குக் கப்பல்களைப் பற்றித்தான் உலகச் செய்திகள் பேசின. ஏரியில் சின்னப் படகு வைத்திருப்பவரின் நிலைமை யாருக்கும் தலைப்புச் செய்தி இல்லை. அவருடைய படகுத்துறைக்கும் தண்ணீருக்கும் நடுவில் சேறு வந்துவிட்டது.

மழை திரும்பியதும் 2024இன் பிற்பகுதியில் கப்பல் எண்ணிக்கை வழக்க நிலைக்கு வந்தது.

இப்போது சார்ஜெண்டுக்கே போட்டியா?

வறட்சி வந்துபோகும். அதைவிட நீடிக்கும் மாற்றம் ஒன்று 2016 ஜூன் மாதம் தொடங்கியது. இன்னும் பெரிய கப்பல்களுக்காகப் புதிய தொட்டிகள் திறக்கப்பட்டன. தண்ணீரைச் சேமிக்க, பக்கத்திலேயே குளங்கள் கட்டி ஒவ்வொரு கடப்பிலும் 60 விழுக்காட்டுத் தண்ணீரை மறுபடி பயன்படுத்துகிறார்கள். கேட்க நல்ல ஏற்பாடு. ஆனால் மறுபயனீட்டுத் தண்ணீரில் உப்பு கலந்திருக்கும். தொட்டியும் பெரியது. பழைய பாதையில் பசிபிக் பக்கம் மீராஃப்ளோரஸ் என்ற சிறு ஏரி இடையில் நின்று உப்பை ஓரளவு தாங்கிக்கொள்ளும். புதிய பாதை அந்த ஏரிக்குள் போவதில்லை. விளைவு, காத்தூனுக்குள் முன்பைவிட அதிக உப்பு, கூடவே கடல்மீன்கள்.

விரிவாக்கத்துக்கு முன் ஏரியில் பதிவான கடல்மீன் வகைகள் 18. சில ஆண்டுகளில் அது 29 ஆனது. பின்னர் வந்த ஆய்வு இன்னும் திடுக்கிட வைக்கிறது. ஆய்வுக்காகப் பிடித்த மீன்களை எடைபோட்டுப் பார்த்தபோது, முன்பு சுமார் கால் பங்காக இருந்த கடல்மீன்கள் முக்கால் பங்கை எட்டியிருந்தன. டார்பன் போன்ற பெரிய வேட்டை மீன்கள் முன்பே எப்போதாவது ஏரியில் தலைகாட்டியதுண்டு. இப்போது நிலைமை எப்போதாவது அல்ல.

1967இல் உள்ளூர் மீன்களுக்கு நடந்தது இப்போது பீக்காக் பாஸுக்கு நடக்கிறதா? அப்படி ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. கடல்மீன் பெருகியதால் விளையாட்டுக்குத் தூண்டில் போடுபவர் சிலர் மகிழ்ச்சியாகவே இருக்கலாம், பெரிய மீன் கிடைக்கிறதே! ஆனால் சார்ஹெந்தோவை நம்பி வலையும் தூண்டிலும் வாங்கியவருக்கு வேறு மீன் என்றால் வேறு வலை, வேறு சந்தை. ஆய்வாளர்களின் பெரிய பயம் ஏரியைத் தாண்டியது. இதுவரை ஏரியின் நன்னீர்தான் அட்லாண்டிக் மீனுக்கும் பசிபிக் மீனுக்கும் நடுவில் சுவராக இருந்தது. சுவர் உப்புக் கரித்தால், ஒரு கடலின் மீன் மறுகடலுக்குப் போய்விடும்.

தீர்வு என்ன?

கால்வாய் ஆணையம் கையிலெடுத்திருப்பது ரியோ இந்தியோ அணைத் திட்டம். பக்கத்து ஆற்றை அணைகட்டித் தேக்கி, மலைக்குள் சுரங்கம் வழியாக காத்தூனுக்குத் தண்ணீர் கொண்டுவருவது. செலவு சுமார் 1.6 பில்லியன் டாலர். அதற்காகச் சுமார் 2,000 பேர் வீடு, நிலத்தை விட்டு நகரவேண்டும். அவர்களில் பலர் எதிர்ப்புத் தெரிவித்துப் போராடி வருகிறார்கள். நூறாண்டுக்கு முன் காத்தூன் நிரம்பியபோதும் கிராமங்கள் மூழ்கின, மக்கள் நகர்த்தப்பட்டனர். அந்த நினைவு அங்கே இன்னும் ஆறவில்லை.

அணை வந்தால் வறண்ட ஆண்டில் நீர்மட்டம் அவ்வளவு இறங்காது. குடிநீருக்கும் கப்பலுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். உப்பைக் கழுவிவிடக் கூடுதல் நன்னீரும் இருக்கும். ஆனால் கடல்மீனுக்குத் திறந்த கதவை அது மூடாது. அதற்குத் தொட்டிகளிலேயே வேறு தடுப்பு வேண்டும்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் உள்ள பீக்காக் பாஸும் தானாக நீந்தி வந்ததல்ல, மனிதர்தான் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். குடிநீர், மீன்பிடிப்பு இரண்டும் ஒரே தண்ணீரில் நடப்பதும் காத்தூன் மாதிரிதான். அதனால்தான் அனுமதிக்கப்பட்ட இடங்களில் மட்டும், செயற்கை இரையோடு மட்டும் தூண்டில் போடவேண்டும் என்ற விதி இருக்கிறது. வீட்டுத் தொட்டி மீனை நீர்த்தேக்கத்தில் விடுவதும் குற்றம். "ஒரு மீன்தானே, பாவம், போய்ப் பிழைக்கட்டும்" என்று விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காத்தூனிலும் எல்லாம் ஒரு குளத்து மீனில்தான் தொடங்கியது.