இதழாசிரியரின் நாற்காலியும் நடுவுநிலைமையும்

மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதித் தருகிறார். நோயாளி அதை நம்பி வாங்கி உண்கிறார். அந்த மருந்து பலன் தரும் என்று மருத்துவருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு மருந்தையும் அவரே சோதித்துப் பார்த்திருக்க முடியாது. எங்கோ ஓர் ஆய்வாளர் சோதித்து, முடிவை ஓர் ஆய்விதழில் எழுதியிருப்பார். அந்த இதழின்மேல் மருத்துவர் வைத்த நம்பிக்கைதான் நோயாளியின் கைக்கு மாத்திரையாக வந்து சேர்கிறது. அந்த நம்பிக்கை பொய்த்துப் போனால் என்ன ஆகும்? இதற்கு வரலாறு கசப்பான பதில்களையும் வைத்திருக்கிறது. இனிய பதிலையும் வைத்திருக்கிறது.

ஆய்விதழ் பிறந்த கதை

1665ஆம் ஆண்டு ஜனவரியில் பாரிசிலும், மார்ச்சில் லண்டனிலும் உலகின் முதல் ஆய்விதழ்கள் வெளிவந்தன. லண்டன் இதழான ‘ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் தம் சொந்தச் செலவில் தொடங்கியது. அதற்கு முன்பு அறிஞர்கள் தங்கள் கண்டுபிடிப்புகளைக் கடிதங்களில் எழுதிக்கொண்டனர். வேறொருவர் தட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்ற அச்சத்தில் எழுத்துகளைக் கலைத்துப் புதிர்போல் மறைத்து வைத்தவர்களும் உண்டு. இதழ் வந்த பிறகு, யார் எதை எப்போது கண்டறிந்தார் என்பதற்குப் பொதுவான சாட்சி கிடைத்தது.

தொடக்கத்தில் எதை அச்சிடுவது என்பதை இதழாசிரியரே முடிவு செய்தார். 1752இல் ராயல் சொசைட்டி அந்தப் பொறுப்பை ஒரு குழுவிடம் ஒப்படைத்தது. 19ஆம் நூற்றாண்டில் துறை வல்லுநர்களிடம் எழுத்து வடிவில் கருத்துக் கேட்கும் வழக்கம் அங்கு வேரூன்றியது. ஆனாலும், புகழ்பெற்ற ‘நேச்சர்’ இதழ் இத்தகைய மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது 1973இல்தான். இன்று உறுதியானதாகத் தோன்றும் இந்த முறை, உண்மையில் மெல்ல மெல்ல உருவான ஒன்று.

சந்திரசேகர் காட்டிய வழி

இந்த வரலாற்றில் தமிழர்கள் பெருமைப்படத்தக்க ஒரு பெயர் இருக்கிறது. லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகர் 1952 முதல் 1971 வரை அமெரிக்காவின் ‘அஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னல்’ இதழின் ஆசிரியராக இருந்தார்.

1958இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இளம் இயற்பியலாளர் யூஜின் பார்க்கர் ஒரு கட்டுரை அனுப்பினார். சூரியனிலிருந்து எல்லாத் திசைகளிலும் இடைவிடாமல் மின்துகள்கள் வீசிக்கொண்டிருக்கின்றன என்பது அவர் வாதம். ‘சூரியக் காற்று’ என்று பின்னர் பெயர்பெற்ற கருத்து அது. கட்டுரையைப் பார்த்த மதிப்பீட்டாளர்கள் இருவரும் நிராகரிக்கச் சொன்னார்கள். எழுதுமுன் நூலகத்திற்குப் போய்ப் படித்து வரட்டும் என்ற பாணியில் ஒருவர் ஏளனம் செய்தார்.

சந்திரசேகருக்கும் அந்தக் கருத்தில் நம்பிக்கையில்லை. ஆனால், மதிப்பீட்டாளர்கள் குறிப்பான ஒரு பிழையையும் சுட்டிக்காட்டவில்லையே என்று பார்க்கர் கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த நியாயத்தைச் சந்திரசேகர் ஏற்றார். தம் சொந்தக் கருத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கட்டுரையை வெளியிட்டார். 1962இல் ‘மரினர் 2’ விண்கலம் சூரியக் காற்றை அளந்து உறுதிப்படுத்தியது. 2018 ஆகஸ்டில் சூரியனை நோக்கிப் புறப்பட்ட விண்கலம் பார்க்கர் பெயரையே தாங்கிச் சென்றது. 91 வயதான பார்க்கர் அதை நேரில் கண்டார்.

சந்திரசேகரின் இந்தப் பெருந்தன்மைக்குப் பின்னால் ஒரு காயமும் இருந்தது. 1935இல் அவருடைய நட்சத்திர ஆய்வை லண்டன் வானியல் சங்கக் கூட்டத்தில் ஆர்தர் எடிங்டன் எள்ளி நகையாடியிருந்தார். பெரிய மனிதரின் வாக்கு உண்மையை எப்படி அமுக்கிவிடும் என்பதை அனுபவித்து அறிந்தவர், தாம் பெரிய மனிதரானபோது அதே தவற்றைச் செய்யவில்லை.

கூடவே ஒட்டிக்கொண்ட பெயர்

இதற்கு நேர்மாறான சம்பவம் 1994 ஆகஸ்டில் லண்டனில் நடந்தது. பிரிட்டனின் முன்னணி மகப்பேறு மருத்துவ இதழில் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையைச் சேர்ந்த மால்கம் பியர்ஸ் இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார். கருப்பைக்கு வெளியே தரித்த கருவைக் கருப்பைக்குள் மாற்றி வைத்து, நலமான குழந்தை பிறந்ததாக ஒன்று கூறியது. கருச்சிதைவுக்கு ஆளான 191 பெண்களிடம் சிகிச்சையைச் சோதித்ததாக மற்றொன்று கூறியது. குழந்தையை இழந்து தவித்த எத்தனையோ தாய்மார்களுக்கு அது நம்பிக்கைச் செய்தி.

ஆனால், அதே மருத்துவமனையின் இளம் மருத்துவர் ஒருவருக்குச் சந்தேகம் எழுந்தது. விசாரித்துப் பார்த்தபோது, கட்டுரை சொன்ன அந்தத் தாயே இல்லை. 191 பெண்களிடம் நடந்ததாகச் சொன்ன சோதனைக்கும் ஆதாரம் இல்லை. பியர்ஸ் வேலையை இழந்தார்; 1995இல் மருத்துவர் பதிவேட்டிலிருந்தும் நீக்கப்பட்டார்.

அதைவிடச் சங்கடமான செய்தி வேறொன்று. பியர்ஸ் அந்த இதழின் துணையாசிரியர்களில் ஒருவர். முதல் கட்டுரையில் அவரோடு பெயர் போட்டிருந்த ஜெஃப்ரி சேம்பர்லைன் அந்த இதழின் தலைமை ஆசிரியர். பியர்சின் துறைத் தலைவர். மகப்பேறு மருத்துவர்களின் அரச கல்லூரித் தலைவரும்கூட. மோசடியில் அவருக்குப் பங்கில்லை. துறைத் தலைவர் என்ற மரியாதைக்காக அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அந்த மரியாதை அவருடைய பதவிகளைப் பறித்தது. உழைக்காத கட்டுரையில் பெயரைப் போட அனுமதிப்பது, படித்துப் பார்க்காத பத்திரத்தில் கையெழுத்திடுவதற்குச் சமம்.

விதியும் மனசாட்சியும்

இத்தகைய சம்பவங்களால் கவலையுற்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழாசிரியர்கள் 1997இல் பதிப்பு நெறிமுறைக் குழுவை அமைத்தனர். ‘கோப்’ என்று அழைக்கப்படும் அந்த அமைப்பில் இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கான இதழ்கள் இணைந்துள்ளன.

ஆனால், விதிகள் மட்டும் போதுமா? குழு பிறந்த மறு ஆண்டே ‘லான்செட்’ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை வந்தது. வெறும் 12 பிள்ளைகளைப் பற்றிய அந்தக் கட்டுரை, எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்திற்கும் தொடர்பிருக்கலாம் என்ற பீதியைக் கிளப்பியது. தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்க முனைந்த வழக்கறிஞர் தரப்பிலிருந்து அவர் பணம் பெற்றதை 2004இல் பத்திரிகையாளர் பிரையன் டியர் அம்பலப்படுத்தினார். இதழ் அந்தக் கட்டுரையை முழுமையாக மீட்டுக்கொண்டது 2010 பிப்ரவரியில். இடையில் கழிந்தது 12 ஆண்டுகள். அதற்குள் இங்கிலாந்தில் தடுப்பூசி போட்ட குழந்தைகளின் விகிதம் 92 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடு வரை சரிந்தது. கட்டுப்பட்டிருந்த தட்டம்மை 2008இல் அங்கு மீண்டும் நிலைகொண்டது. கட்டுரையை மீட்டுக்கொள்ளலாம், பெற்றோர் மனத்தில் விதைத்த அச்சத்தை மீட்டுக்கொள்ள முடியுமா?

சிங்கப்பூரின் பெயரால்

அதே 2010 ஜூலையில் ஆய்வு நேர்மை குறித்த இரண்டாவது உலக மாநாடு சிங்கப்பூரில் கூடியது. 51 நாடுகளின் பங்கேற்பாளர்கள் கலந்து பேசியதன் பயனாக ‘சிங்கப்பூர் அறிக்கை’ உருவானது. நேர்மை, பொறுப்புடைமை, சக ஆய்வாளரிடம் மரியாதையும் நியாயமும், பிறர் நலனுக்காக ஆய்வைப் பேணுதல் என நான்கு கொள்கைகளையும் 14 பொறுப்புகளையும் அது வகுத்தது. முறைகேட்டைக் கண்டால் மௌனம் காக்காமல் உரியவரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. லண்டன் மருத்துவமனையில் அந்த இளம் மருத்துவர் செய்ததும் அதைத்தானே!

சவால்கள் ஓய்ந்துவிடவில்லை. பணத்துக்குப் போலிக் கட்டுரை தயாரித்து விற்கும் கூட்டங்கள் பெருகியதால், 2023இல் மட்டும் உலகில் 10,000க்கும் அதிகமான ஆய்வுக் கட்டுரைகள் மீட்டுக்கொள்ளப்பட்டன. கட்டுரை எண்ணிக்கையைக் கொண்டே பதவி உயர்வும் தரவரிசையும் தீர்மானிக்கப்படும் வரை அந்தச் சந்தை மூடப்படாது.

வள்ளுவர் நடுவுநிலைமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். சந்திரசேகரும் சேம்பர்லைனும் அமர்ந்தது ஒரே வகையான நாற்காலியில்தான். ஒருவர் தாம் நம்பாத உண்மைக்கு வழிவிட்டார். மற்றவர் தாம் ஆராயாத பொய்க்குப் பெயர் கொடுத்தார். நாற்காலியில் அமர்பவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதில், மருந்துச் சீட்டோடு காத்திருக்கும் நோயாளியின் உயிரும் அடங்கியிருக்கிறது.