லோஹிகார்மே
லோஹிகார்மே என்பது டிராகனைக் குறிக்கும் பின்னிய மொழிக் கூட்டுச்சொல் ஆகும். இன்றைய பின்னியத்தில் ‘லோஹி’ என்பது சால்மன் மீன். ‘கார்மே’ என்பது பாம்பு. ஆயினும் இச்சொல்லின் பிறப்புக்கும் மீனுக்கும் தொடர்பில்லை.

பின்லாந்து 1809 வரை பல நூற்றாண்டுகள் சுவீடனின் ஆட்சியில் இருந்தது. அக்காலத்தில் பல சுவீடியச் சொற்கள் பின்னியத்தில் கலந்தன. பறக்கும் டிராகன் எனப் பொருள்படும் ‘ஃப்ளோக்டிராகி’ என்ற பழைய சுவீடியச் சொல்லே லோஹிகார்மேயின் மூலம். அதன் பிற்பகுதிக்குப் பதிலாகப் பாம்பு என்னும் பின்னியச் சொல் அமைந்தது. முற்பகுதி ஒலியாகவே கடன் பெறப்பட்டது.

பழைய பின்னியச் சொற்களின் தொடக்கத்தில் இரு மெய்யொலிகள் சேர்ந்து வருவதில்லை. ஸ்டாக்ஹோம் நகரம் பின்னியத்தில் ‘டுக்ஹோல்மா’ ஆனது இதனால்தான். அவ்வாறே ‘ஃப்ளோக்’ என்பதன் முதலொலி உதிர்ந்தது. எஞ்சியது பழக்கமான மீன் பெயரோடு ஒன்றிப்போனது. கூட்டுச்சொல்லை இன்றைய பொருளில் பிரிப்பதால் மட்டும் அதன் வரலாறு விளங்கிவிடாது என்பதற்கு இச்சொல் நல்ல சான்று.